இரவல் கொடுத்த குரல்

விடியற்காலை மூன்றே முக்கால் மணி. நவம்பர் மாதம். தாஷ்கெண்டின் பழைய நகரத்தில் கைகாவூஸ் கால்வாயை ஒட்டிப் போகிற சாலை. ஒரு விளக்கு எரிந்தால் மூன்று எரியாது. கால்வாயிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து சாலையில் படுத்துக் கிடந்தது. அதற்குள் ஒரே ஒரு வண்டி... ஒற்றை முன்விளக்கோடு ஒரு டமாஸ் வேன். உள்ளே இரண்டு பேர்.

வண்டி அங்கேயே நிற்கட்டும், முதலில் இந்த அறைக் கதவைச் சாத்து, போதிர். அந்தச் சுல்தான் அங்கியை இரண்டு பேராகப் போர்த்திக்கொள்ளுங்கள். மேடையில்தான் அது பட்டு, இங்கே வெறும் கம்பளி. மின்சாரம் விடிகிறவரை வராது. ஒப்பனை அறையில் உட்கார்ந்து ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டிருப்பதற்கு இதையாவது கேளுங்கள்.

இது எனக்கு நடந்ததில்லை. என் நண்பன் எர்கினுடைய மைத்துனர் ஹம்தமுக்கு நடந்தது. நான் முப்பத்தோரு வருஷமாக இந்த அரங்கில் திரை இழுக்கிறவன். மேடையில் செத்தவர்கள் திரை விழுந்ததும் எழுந்து டீ கேட்பதைத் தினம் பார்க்கிறேன். எதையும் லேசில் நம்ப மாட்டேன். ஹம்தம் என்னைவிட மோசம். முட்டை வாங்கினால் ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்துப் பார்க்கிற ஆள். பெண்டாட்டி தும்மினால்கூட எதற்குத் தும்மினாய் என்று கேட்பார். அப்படிப்பட்டவர் சொன்னதால்தான் நானும் சொல்கிறேன்.

ஹம்தம் கல்யாணங்களில் தோய்ரா மேளம் வாசிப்பவர். அன்று வண்டியை ஓட்டியவரும் அவர்தான். பக்கத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டு வந்தவன் ஸரீப். பாடகன். அந்த இலையுதிர் காலத்தில் ஸரீப்பின் ஒரு பாட்டு இல்லாமல் இந்த நகரத்தில் எவனும் பெண் எடுக்கவில்லை என்று வையுங்கள். பஜாரில் அதுதான். டாக்சியில் அதுதான். செல்பேசி அடித்தாலும் அதுதான்.

*தட்டினால் கதவைத் திறக்காதே,*
*நான்தான் என்று சொன்னாலும் திறக்காதே.*
*விளக்கை மட்டும் மதில்மேல் வை,*
*பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.*

இதற்குப் போய்க் கையைத் தூக்கி ஆடினார்கள். கேட்டால் முதுகு சில்லிட வேண்டிய பாட்டு. ஸரீப் அதற்கு அடியில் டிங்கு டிங்கு என்று கீபோர்டைக் கொட்டி, இரண்டு சரணத்தோடு முடித்து, "சொந்தப் பாட்டு" என்று தொலைக்காட்சியில் சொன்னான்.

"ஸரீப் எனக்குத் தம்பி மாதிரிதான்" என்று ஹம்தம் என்னிடம் சொல்லியிருக்கிறார். "ஆனா அவன் சொந்தமா ஒரு கடுதாசி எழுதி நான் பார்த்ததில்லை. திடீர்னு பாட்டு எழுதிட்டானாம். கோழி குதிரை போட்ட கதையால்ல இருக்கு!"

அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லாமல் வண்டியை நகர்த்த முடியாது.

இந்த ஊரில் பாட்டு மேடையில் பிறக்கும், கல்யாணத்தில் வளரும், டாக்சியில் சாகும். எப்போதும் அப்படித்தான். நிலநடுக்கத்தில் விரிசல் விட்டு இடித்துத் தள்ளிய நம் பழைய அரங்கத்தில், மிர்ஹோஷிம் என்று ஒரு பாடகர் இருந்தார். நாயகன் வேஷம் அவருக்கென்றே தைத்த சட்டை. ஐம்பத்தேழாம் வருஷம் ஒரு இசை நாடகம் போட்டார்கள். அதில் கல்யாணத்துக்கு முதல் நாள் ஊரைவிட்டு ஓடுகிறவன், பெண் வீட்டு மதிலுக்கு வெளியே நின்று பாடுகிற பாட்டு இது. இரண்டு சரணம் இல்லை, ஐந்து.

பதினோரு இரவு நடந்தது. பன்னிரண்டாம் நாள் மேலேயிருந்து ஒருவர் வந்தார். நடுராத்திரியில் கதவைத் தட்டுவது யார், திறக்காதே என்று இவன் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறான் என்று கேட்டார். நடுராத்திரியில் யார் தட்டுவார்கள் என்று அந்த நகரத்தில் எல்லோருக்கும் தெரியும், ஆளைப் பிடித்துக்கொண்டு போகிற ரகசியப் போலீஸ். அந்தக் காலமே முடிந்துபோயிருந்தது. ஆனாலும் மேலே இருப்பவர்களுக்குச் சந்தேகப்படுகிற பழக்கம் லேசில் போகுமா? நாடகம் போயிற்று. பிரதியும் போயிற்று. மிர்ஹோஷிமுக்கு அதற்கப்புறம் வேலைக்காரன் வேஷம், காவல்காரன் வேஷம். வாயைத் திறந்து பாடுகிற வேஷம் எதுவும் கிடைக்கவில்லை. எண்பத்து நாலில் இறந்துபோனார்.

மிஞ்சியது ஒன்றே ஒன்று. பதினோராம் இரவில் மேடையின் பக்கவாட்டில் ஒளிந்துகொண்டு, விளக்குப் போடுகிற ஆள் ஒரு நாடாவில் அந்தப் பாட்டைப் பதிந்து வைத்திருந்தார். ஒரே சுருள். எட்டு நிமிஷம். அது மிர்ஹோஷிம் வீட்டுக்கு வந்தது. அவர் போனதற்கப்புறம் அவருடைய மனைவி கிம்மத் பெரியம்மா, தினம் விடியற்காலை தொழுகை முடிந்ததும் டீயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அதை ஓடவிடுவார். எட்டு நிமிஷம் கேட்டுவிட்டு, சுருளைத் துணியில் சுற்றி எடுத்துவைப்பார். இருபத்துச் சொச்சம் வருஷம் இப்படி. அந்தத் தெருவில் அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் அடுப்பில் தண்ணீர் வைப்பார்கள்.

அந்த வசந்த காலத்தில் ஸரீப் மார்பில் கை வைத்துக் குனிந்தபடி பெரியம்மா வீட்டு வாசலுக்குப் போனான்.

"நாடா பழசாயிடுச்சு பெரியம்மா. ஒரு நாள் பட்டுன்னு அறுந்துரும். கொடுங்க, டிஸ்க்ல ஏத்திக் கொண்டாந்து தர்றேன். ஆயுசுக்கும் கெடாது."

கொடுத்தார். ஒரு மாதம் கழித்து அவன் வெறுங்கையோடு வந்தான்.

"அதுல ஒண்ணுமே இல்லை பெரியம்மா. வெறும் காத்துதான் வருது. நாடாவே பொடிப் பொடியா உதிர்ந்துபோச்சு."

"உதிர்ந்ததையாவது கொடுப்பா."

"ஐயோ, குப்பைன்னு தூக்கிப் போட்டுட்டேனே..."

நாலு மாதத்தில் பாட்டு ஊரெல்லாம் கேட்டது. பெரியம்மா புகார் சொன்னபோது, வயதானவள், எதையோ எதனோடோ குழப்பிக்கொள்கிறாள் என்றார்கள். கடைசியில் அதே தெருவில் இருக்கிற ஹம்தம் வீட்டுக்கு வந்து நின்றார்.

"தம்பி, பாட்டு அவன்கிட்டயே இருக்கட்டும். பாடட்டும், சம்பாதிக்கட்டும், நல்லா இருக்கட்டும். எனக்கு அவர் குரல் மட்டும் வேணும். முகத்துக்குப் போட்டோ இருக்கு. குரலுக்கு நான் எங்க போவேன்? அந்தச் சுருளை அவன் எங்கயோ வச்சிருக்கான். நீ கேட்டா கொடுப்பான்."

அழவில்லையாம். அழுதிருந்தால் பரவாயில்லை என்று ஹம்தம் சொன்னார். வந்து நின்ற இடத்திலேயே ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தாராம், எந்தப் பக்கம் திரும்பினால் வீடு என்று தெரியாதவர் போல.

அதிலிருந்து ஹம்தம் ஸரீப்பை விடவில்லை. வாரா வாரம் கேட்டார். அவன் சிரித்தே மழுப்பினான். அன்று அந்தக் கால்வாய்ச் சாலையிலும் அவனைத் தட்டி எழுப்பிக் கேட்டார்.

"சுருளை எங்க வச்சிருக்கே?"

"விடியற்காலையிலயேவா அண்ணே? உங்களுக்குச் சந்தேகம் இல்லாட்டி சோறு இறங்காதா?"

"பெரியம்மா முகத்தைப் பாத்தா எனக்குச் சோறு இறங்கலை. உண்மையைச் சொல்லு."

"இருந்தா கொடுக்க மாட்டேனா? போங்கண்ணே... ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

சொல்லும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஹம்தம் அதையும் கவனித்தார்.

அவர்கள் போய்க்கொண்டிருந்தது ஒரு விடியற்காலை ஓஷ் விருந்துக்கு. அண்டா நிறைய ஆட்டுக்கறிச் சோறு. இருட்டோடு ஆண்கள் வருவார்கள், உட்காருவார்கள், சாப்பிடுவார்கள், கை ஏந்தி வேண்டிக்கொண்டு இருபது நிமிஷத்தில் எழுந்து போய்விடுவார்கள். அது முடிந்ததும் அடுத்த பந்தி. கல்யாணத்துக்கும் இதுதான், துக்கத்துக்கும் இதுதான். கல்யாண வீட்டில் நாம் வாசிக்க வேண்டும். துக்க வீட்டில் நாம் இருமினாலே தப்பு. இருட்டில் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

முகவரி சொன்னவர், "சந்துக்குள்ள வாங்க, அண்டா எரியற வீடு" என்றிருந்தார். சந்து வந்தது. உள்ளே ஒரு வாசலில் நெருப்பு தெரிந்தது. நாலு பேர் வாசலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஹம்தம் இறங்கி மேளத்தை எடுத்தார். இரண்டு அடி வைத்தார்... நின்றுவிட்டார்.

"ஸரீப்... அவங்க இடுப்பைப் பாரு. துண்டு கட்டியிருக்காங்க."

அங்கிக்கு மேல் இடுப்பில் துண்டு கட்டி வாசலில் நின்றால் அது துக்க வீடு. குழந்தைக்கும் தெரியும்.

"குளிருக்குக் கட்டியிருப்பாங்க."

"கர்னாய் ஊதறவங்களையும் காணோமே. கல்யாண வாசல்ல அந்த ஆள் உயரக் குழல் சத்தம் நாலு தெருவுக்குக் கேக்கணும்."

"தூங்கியிருப்பாங்க. நானே தூங்கிட்டுத்தானே வந்தேன்?"

"போய்க் கேட்டுட்டு வரட்டுமா?"

"என்னன்னு கேப்பீங்க? 'ஐயா, இங்க கல்யாணமா, சாவா'ன்னா? கல்யாண வாசல்ல நின்னு அந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்க. தோய்ராவை உங்க தலையிலயே உடைச்சு மாலையாப் போட்டு அனுப்புவாங்க."

அது உண்மைதான். மணப்பெண்ணின் வாசலில் சாவு என்று ஒருமுறை சொன்னால் அவள் ஆயுசு முழுக்க அந்த அபசகுனம் கூட வரும். அதனால் நம் ஆட்கள் யாரும் கேட்பதில்லை. பார்த்து ஊகித்துக்கொள்வதுதான். உலகத்தில் வேறு எவனும் இப்படி ஒரு தப்பைச் செய்ய மாட்டான். வாயைத் திறந்து கேட்டுவிட்டுப் போய்விடுவான்.

நாலு பேரும் மார்பில் கை வைத்துக் குனிந்தார்கள். வா என்று ஒரு வார்த்தை இல்லை. ஹம்தமும் ஸரீப்பும் உள்ளே போனார்கள்.

நீளமான மேஜைகள். நாற்பது பேர் இருப்பார்கள், உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வயதானவர்கள். கீபோர்டுக்காரன் தோல்கின் தனியாக வருவதாகச் சொல்லியிருந்தான், அவனைக் காணவில்லை. ஒலிபெருக்கியும் அவனிடம்தான். ஹம்தம் ஒரு மூலையில் நின்று எல்லாவற்றையும் முட்டையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். அண்டாவின் அடியில் நெருப்பு நன்றாக எரிகிறது. ஆனால் சீரக வாசனை இல்லை. கொழுப்பு உருகுகிற வாசனை இல்லை. வேறு ஏதோ வாசனை... லேசான இனிப்பு, மரப்பிசினில் சாராயம் கலந்த மாதிரி. நாற்பது பேர் சாப்பிடுகிறார்கள், ஒரு கரண்டி தட்டில் படுகிற சத்தம் இல்லை.

இதை அவர் சொன்னபோது நான் குறுக்கே நிறுத்தி அந்த வாசனையைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவருக்குப் பெயர் தெரியவில்லை. எனக்குத் தெரியும். இப்போதுகூட இந்த அறையில் அடிக்கிறதே, உங்களுக்கெல்லாம் பழகிப்போனது... ஒட்டு மீசைக்குத் தடவுகிற பசை.

"கிட்ட இருந்தவரோட தாடி ஓரத்துல ஏதோ சன்னமா வலைத்துணி மாதிரி தெரிஞ்சுது" என்றார் ஹம்தம். "கிழிஞ்ச துண்டோன்னு நினைச்சேன்."

நம் ஒட்டுத் தாடிகளையும் அப்படி வலைத்துணியில்தான் பின்னுகிறோம்.

ஸரீப்புக்கு இது எதுவும் கண்ணில் படவில்லை. "தோல்கின் வர்ற வரைக்கும் சும்மா நிக்க வேணாம். ஒண்ணைப் பாடிட்டு உக்காருவோம்" என்று தொண்டையைச் செருமினான். ஹம்தம் மேளத்தை நெருப்பில் காட்டிச் சூடேற்றினார். நெருப்பில் சூடு இருந்ததா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "நினைவில்லை" என்றார். அந்த மனிதருக்கு நினைவில்லாத விஷயம் என்று ஒன்றை நான் முதல்முறையாகக் கேட்டேன்.

ஸரீப் பாட ஆரம்பித்தான்.

துக்க வீடாக இருந்தால் இந்த நேரத்துக்கு யாராவது ஓடி வந்து காலை உடைத்திருக்க வேண்டும். கல்யாண வீடாக இருந்தால் யாராவது சீட்டி அடித்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. நாற்பது பேரும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். ஒரே நேரத்தில் திரும்பினார்கள். திரை தூக்கும்போது சபை திரும்புமே, அப்படி.

முதல் சரணம். இரண்டாம் சரணம். ஊருக்குத் தெரிந்த பாட்டு அவ்வளவுதான். ஹம்தம் முடிக்கிற அடிக்காகக் கையைத் தூக்கினார். ஸரீப் மூச்சை இழுத்தான்... லேசாக ஒரு இருமல்... மூன்றாவது சரணம் தொடங்கியது.

*என் பெயரைக் கேட்டால் தெரியாது என்று சொல்.*
*என் குரலைக் கேட்டால் காற்று என்று சொல்...*

அது ஸரீப்பின் குரல் இல்லை. ஸரீப்புக்கு எதிரொலி இயந்திரம் இல்லாவிட்டால் குரல் பத்து அடி போகாது. இது அடிவயிற்றிலிருந்து கிளம்பி, ஒலிபெருக்கி இல்லாத காலத்து அரங்கத்தின் கடைசி வரிசைக்குப் போகிற குரல். அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லையும் வைத்துவிட்டு நகர்கிற குரல். ஹம்தம் அதை முன்பே கேட்டிருக்கிறார். தன் வீட்டுச் சுவருக்கு மேலாக, வருஷக்கணக்கில், தினம் விடியற்காலையில்.

மேளத்தை நிறுத்த நினைத்தார். கை நிற்கவில்லை. ஸரீப்பின் கண்கள் வெளியே பிதுங்கி அவரையே பார்த்தன. அவன் இரண்டு உள்ளங்கையாலும் வாயைப் பொத்தினான். குரல் கொஞ்சம்கூட மங்கவில்லை. விரல்களுக்கு உள்ளேயிருந்து அதே கனத்தில் வந்தது. நாலாவது சரணம். ஐந்தாவது.

முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. வாசலில் நின்ற நாலு பேரில் மூத்தவர் ஒரு கிண்ணத்தில் டீயோடு வந்தார். நம் வீடுகளில் விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவோம், திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும் என்பதற்காக. தளும்ப ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அந்தக் கிண்ணம் விளிம்புவரை தளும்பியது. நடந்து வந்தும் ஒரு சொட்டு சிந்தவில்லை. ஸரீப் இரண்டு கையாலும் வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். அந்தப் பெரியவர் மார்பில் கை வைத்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

எல்லோரும் கையை ஏந்தி முகத்தில் தடவிக்கொண்டார்கள். எழுந்தார்கள். வாசல் வழியாகப் போகவில்லை. பாதிப் பேர் வலது பக்கம், பாதிப் பேர் இடது பக்கம். இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். மேடையிலிருந்து நாம் எப்படி உள்ளே போவோமோ, அப்படி.

ஹம்தமின் செல்பேசி அடித்தது. தோல்கின்.

"எங்கய்யா தொலைஞ்சீங்க ரெண்டு பேரும்? கர்னாய்க்காரன் ஊதி ஊதிக் கன்னம் வீங்கி உக்காந்திருக்கான். மாப்பிள்ளையோட அப்பா என்னைப் பாடச் சொல்றாரு! நான் பாடினா கல்யாணம் நடக்குமா?"

"சந்துக்குள்ளதான் இருக்கோம்... அண்டா எரியற வீட்டுல..."

"இந்தச் சந்துல எரியற அண்டா ஒண்ணே ஒண்ணு. அதுக்குப் பக்கத்துலதான் நான் நிக்கிறேன். சீக்கிரம் வாய்யா!"

ஹம்தம் திரும்பிப் பார்த்தார். வரிசையாகக் கார் கொட்டகைகள். தகரக் கதவுகள், பூட்டுகள். நெருப்பு இல்லை, சாம்பல்கூட இல்லை. சந்தின் அந்தக் கோடியில், இவ்வளவு நேரம் காதில் விழாத கர்னாய்ச் சத்தம் காட்டெருமை மாதிரி அலறிக்கொண்டிருந்தது.

ஸரீப் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். ஒன்றும் வரவில்லை.

கரகரப்பு இல்லை. கிசுகிசுப்பு இல்லை. காற்று உரசுகிற சத்தம்கூட இல்லை. ஹம்தமுக்கு உடனே என்ன தோன்றியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பயமா? சந்தேகம்தான். பயல் நடிக்கிறான், கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கப் பார்க்கிறான் என்று அவன் கால்மேல் பூட்ஸோடு ஏறி ஓங்கி மிதித்தார். ஸரீப்பின் வாய் அகலத் திறந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. சத்தம் வரவில்லை.

அதற்கப்புறம் மருத்துவர்கள் பார்த்தார்கள். குழாய் விட்டுப் பார்த்தார்கள், விளக்கடித்துப் பார்த்தார்கள். தொண்டை நன்றாக இருக்கிறது, மனசுதான் சரியில்லை என்று ஒருவர் சொன்னார். கல்யாணக்காரர்கள் வேறு பாடகனைப் பிடித்தார்கள். பாட்டு டாக்சியில் ஓடிக்கொண்டிருந்தது, கொஞ்ச நாளில் அங்கேயும் மாறிவிட்டது.

மூன்றாவது வாரம் ஸரீப் ஹம்தமைக் கூப்பிட்டு அனுப்பினான். மனைவி லோலா காகிதமும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். ஹம்தம் ஒன்றைத்தான் கேட்டார்.

"சுருள் எங்கே?"

ஸரீப் எழுதினான்: ரொட்டி அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன்.

"ஏன்டா?"

வேறு யாரும் கேட்டுவிடக் கூடாது என்று.

ஹம்தம் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடிக்க வேண்டும் போல இருந்தது, ஆனால் அவருக்குக் கையே எழவில்லை. சொந்தப் பிள்ளை செத்த மாதிரி இருந்தது என்று என்னிடம் சொன்னார். அதுவரை அந்தச் சுருள் எங்கேயோ இருக்கிறது, ஒரு நாள் கிடைக்கும் என்றுதான் அவர் நம்பியிருந்தார். பெரியம்மாவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். இதை அவரிடம் யார் சொல்வது?

பத்து நாள் தள்ளிப்போட்டார். தெருவில் பெரியம்மா எதிரே வந்தால் அடுத்த சந்தில் புகுந்து போனார். பிறகு மனசாட்சி பொறுக்காமல் ஒரு நாள், விழித்திருப்பார் என்று விடியற்காலையில் போனார். வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. தட்டக் கையைத் தூக்கினார்... உள்ளே பாட்டு கேட்டது.

அதே குரல். மூன்றாவது சரணம்.

அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. கிழவி நம்மை ஏமாற்றியிருக்கிறாள்! சுருள் இத்தனை நாளும் இங்கேதான் இருந்திருக்கிறது. ஒரு பையன் வாழ்க்கையே போச்சு, இவள் டீ குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள்! கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

முற்றத்தில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் மரக்கட்டில். கிம்மத் பெரியம்மா பஞ்சுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாடா ஓடுகிற பழைய பெட்டி, மூடி சாத்தி, மேலே பூப்போட்ட துணி விரித்திருந்தது. பெட்டியின் மின்கம்பி சுருட்டிக் கட்டியபடி கிடந்தது. பழைய நாடாவில் எப்போதும் ஒரு இரைச்சல் உண்டு, நடுவில் யாரோ இருமுவார்கள், நாற்காலி கிறீச்சிடும். அந்தத் தெருவுக்கே அது மனப்பாடம். இதில் எதுவும் இல்லை. குரல் மட்டும்தான், கட்டிலின் அந்தப் பக்க மூலையிலிருந்து. அங்கே ஒரு திண்டு. அதற்கு முன்னால் இன்னொரு கிண்ணம். அதில் அரைக் கிண்ணம் டீ, ஆவி பறக்க.

பெரியம்மா அவரைப் பார்த்தார். விரலை உதட்டில் வைத்து, உட்கார் என்று காட்டினார்.

ஹம்தம் உட்காரவில்லை. ஓடினார். மூன்று தெரு தள்ளி ஸரீப் வீடு. பலகணிக் கதவைத் தட்டி லோலாவை எழுப்பினார்.

"அவன் எங்க?"

"தூங்கறாரு அண்ணே... என்ன ஆச்சு? ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

உள்ளே ஸரீப் மல்லாந்து படுத்திருந்தான். கண் மூடியிருந்தது. நல்ல தூக்கம். வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்து, மார்பு ஏறி, உச்சத்துக்குப் போகிற பாடகனின் மார்பு எப்படி ஏறுமோ அப்படி ஏறி... அறையில் ஒரு சத்தமும் இல்லை. ஹம்தம் மெதுவாக இரண்டு விரலை அவன் தொண்டையில் வைத்தார். அதிர்ந்தது. மேளக்காரர் அல்லவா, அந்த அதிர்வை எண்ணினார். நாலாவது சரணத்தின் கடைசி வரி.

"தினமும் இப்படித்தான் அண்ணே, இதே நேரத்துக்கு" என்றாள் லோலா. "எட்டு நிமிஷம். அப்புறம் சரியாயிடும். கனவு கண்டு பேசறாருன்னு நினைச்சுக்கிட்டேன்."

ஹம்தம் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மாவிடமும் எதையும் கேட்கவில்லை. பெரியம்மாவும் அதற்கப்புறம் சுருளைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து கிடையாது. ஒன்று ஒரு தெருவில், மற்றது மூன்று தெரு தள்ளி.

ஜனவரியில் ஸரீப்புக்குச் சளி பிடித்தது. வீட்டை விட்டு வெளியே வராதவன், குரலும் இல்லாதவன், அவனுக்குச் சளி பிடித்தது லோலாவைத் தவிர எவருக்கும் தெரியாது. மூன்றாவது நாள் காலை அவள் வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தெருமுனையிலிருந்து கிம்மத் பெரியம்மா கோலை ஊன்றிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். அந்த வீட்டுக்கு அதுவரை ஒரு முறைகூட வராதவர். கையில் சிறு சீசா. முள்ளங்கிச் சாற்றில் கற்கண்டு கரைத்தது.

"மூணு நாளா நாலாவது சரணத்துல குரல் கம்முதும்மா" என்று சொல்லி, சீசாவை லோலாவின் கையில் வைத்தார். "ராத்திரி உன் வீட்டுக்காரன் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வை. இதுல ரெண்டு கரண்டி கொடு. விடியறதுக்கு முன்னாடி கொடுத்துரு."